எனக்குக் கேட்காத என் பாட்டு

என் கூட்டாளிக்குக் கனடா விசா வந்த செய்தி எனக்குத் தெரிய முன்னரே வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. அவன் போய்விடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள். போகமாட்டான் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். என்னிடம் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி ஒரு பாட்டு.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பின் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுப் புறக்கோட்டையில் துணிமூட்டை தூக்கப் போனவன். அதே புறக்கோட்டையில் இன்று நான் நுழைந்தால் மொத்த வியாபாரிகள் கதிரையை விட்டு எழும்புகிறார்கள். காலி வீதியில் என் திரைச்சீலைக் கடை இரண்டு மாடி. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துக் கட்டிய மாடிவீடுகளில் எந்த ஜன்னலில் துணி ஆடினாலும் என் கடைத் துணியா என்று கீழே நின்றே சொல்லுவேன். பெரும்பாலும் என் துணியாகத்தான் இருக்கும். கடற்காற்றுக்கு இரும்பு வளையம் ஒரு மழைக்காலம் தாங்காது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்துப் பித்தளைக்கு மாறினேன். மற்றவர்கள் என்னைப் பார்த்து மாறினார்கள். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பேசத்தான் செய்கிறேன். கொட்டாஞ்சேனையின் குறுகலான ஒழுங்கையிலிருந்து வெள்ளவத்தைக்கு நான் வந்த தூரம், பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தத் தூரம் முழுவதும் பக்கத்தில் வந்தவன் இந்தக் கூட்டாளி. யாழ்ப்பாணத்திலிருந்து இளந்தாரியாக வந்து, நான் மூட்டை தூக்கிய தெருவிலேயே ஒரு இறக்குமதிக் கம்பனியில் கிளாக்கராக இருந்தான். எங்கள் ஒழுங்கையில் என் அறைக்கு அடுத்த அறையில் வாடகைக்கு இருந்தான். நான் மூட்டையை விட்டுத் திரை தைக்கத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வந்து ஏணி பிடித்தான். உயரமான ஜன்னலுக்கு ஏறும்போது கீழே யார் ஏணி பிடிக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. கூலிக்குப் பிடிப்பவன் தெருவில் போகிற பெண்ணைப் பார்ப்பான். இவன் என் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

பாராட்டு என்பது அவன் வாயில் வராது. என் முதல் கடை திறந்த அன்று ஊரெல்லாம் மாலை போட்டது. இவன் ஒரு திரையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வளையம் பிழையில்லாமல் ஓடுது" என்றான். அதோடு சரி. கெட்ட காலங்களில் அவன் வீட்டுக் கதவு எனக்கும் என் வீட்டுக் கதவு அவனுக்கும் திறந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. கதைக்க வேண்டிய அளவுக்கு நாங்கள் தூரத்தவர்கள் இல்லை.

இப்போது அவன் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருக்கிறான். இருந்தான் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவில். கொழும்பில் எனக்குத் தெரிந்த வீடுகளில் நான் திரை போடாத ஒரே வீடு அவனுடையது. "வெளிச்சம் வரட்டும், உன்ரை சீலையை நீயே வைச்சிரு" என்பான்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

தினமும் கடை திறக்க முன்னர் அவனுக்குப் போன் எடுப்பது என் பழக்கம். விசேஷம் ஒன்றும் இருக்காது. எழும்பிவிட்டானா, அங்கே மழையா, என்ன சாப்பாடு, இவ்வளவுதான். ஒரு நாள் எடுத்தபோது வழக்கமான மணிச்சத்தத்துக்குப் பதிலாக டமடமவென்று தாளமும் ஒரு பெடியனின் குரலும் வந்தன. தப்பான இலக்கம் என்று வெட்டினேன். திரும்ப எடுத்தேன். திரும்பவும் அதே பெடியன்.

"ஒரு குடை போதுமடா கூட்டாளி,
பாதிப்பாதி நனைவோம் வா..."

அதற்குள் இவன் எடுத்துவிட்டான்.

அந்தப் பாட்டு எனக்குப் புதிதல்ல. கொழும்புப் பெடியன்கள் சிலர் சேர்ந்து பாடிய பொப் பாட்டு. கொஞ்சக் காலம் அது இல்லாமல் ஒரு திறீவீலர் ஓடவில்லை, ஒரு கலியாண மண்டபம் நிறையவில்லை. என் வேனில் சாரதி அதைப் போட்டால் "இந்தக் கத்தலை நிறுத்து" என்று ஏசுகிறவன் நான். ஆனால் என் கூட்டாளியின் போனுக்குள் இருந்து வந்தபோது அது கத்தலாகத் தெரியவில்லை.

போனில் இப்படிப் பாட்டு வைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வைத்திருப்பவனுக்கு அது கேட்காது. அவன் போன் எப்போதும்போல் கிணுகிணு என்றுதான் அடிக்கும். அவனுக்குப் போன் எடுப்பவனின் காதில் மட்டும்தான் பாட்டு ஒலிக்கும். அதாவது, தனக்காக யாரும் அந்தப் பாட்டை வைப்பதில்லை. எடுக்கிறவனுக்காக வைப்பது. அப்படியானால் என் கூட்டாளிக்குத் தினமும் போன் எடுக்கிறவன் யார்? மகள் இன்டர்நெட்டில்தான் எடுப்பாள். அதில் இந்தப் பாட்டு வராது. மிச்சம் நான்தான். என் வாழ்நாளில் ஒரு நல்ல வார்த்தை எனக்குச் சொல்லாதவன், சொல்ல வெட்கப்பட்டு, ஒரு பெடியனைப் பிடித்துப் பாடிச் சொல்லுகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் கணக்கில் கெட்டிக்காரன்.

அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கே கழற்றிவிடுவான். எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு வரிக்கு மேல் கேட்க அவன் விடுவதில்லை. போனைக் கையிலேயே வைத்திருப்பவன்போலச் சட்டென்று எடுத்துவிடுவான். அடுத்த வரி என்ன என்று கேட்கும் ஆசையில், ஒரு நாள் அவன் குளிக்கும் நேரம் பார்த்து எடுத்தேன். அப்போதும் எடுத்துவிட்டான். தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"என்னடா, இந்த நேரத்திலை? ஆரும் செத்துப்போச்சினமே?"

"யாரும் சாகல. சும்மாதான் எடுத்தேன்."

"சும்மா எடுக்கிற நேரமே இது? கண்ணுக்குள்ளை சவுக்காரம்!"

காலையில் கடற்கரையோரம் நடந்துவிட்டு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள கட்டைச் சுவரில் நாங்கள் ஒரு கூட்டம் உட்காருவோம். அதில் மருந்து விற்கும் பாமசி வைத்திருப்பவர் ஒருவர், வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வெடுத்தவர் ஒருவர். பாமசிக்காரர் என்னை அண்ணை என்பார். வங்கிக்காரர் முதலாளி என்பார். அவர் சொல்லும்போது அதில் கொஞ்சம் நக்கல் இருக்கும்.

அன்று பாமசிக்காரர்தான் தொடக்கினார்.

"அண்ணை, உங்கட கூட்டாளிக்குக் கனடா விசா வந்திட்டுதாமே?"

எனக்கு அது புதுச் செய்தி. முகத்தில் காட்டவில்லை.

"யார் சொன்னது?"

"கொட்டாஞ்சேனையில என்ர மச்சாள் அவற்ற மாடியிலதான் இருக்கிறா. விசா வந்து மாசக்கணக்காம். பெரிய சூட்கேஸ் ஒண்டும் வாங்கி வைச்சிருக்கிறாராம். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"சூட்கேஸ் வாங்குறவன் எல்லாம் பிளேன் ஏறுறவன் இல்ல. அவன் போகமாட்டான்."

வங்கிக்காரர் சிரித்தார். "முதலாளிக்கு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்திருக்கிறார் போல."

"எழுதல. பாடியிருக்கான். கேளுங்க."

போனை எடுத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, அவன் இலக்கத்தை அழுத்திச் சுவரின் மேல் வைத்தேன். தாளம் வந்தது. பெடியன் வந்தான். ஒரு குடை போதுமடா கூட்டாளி. அந்த நேரம் தெகிவளைப் பக்கமிருந்து ரயில் வராதது என் அதிர்ஷ்டம். பாதிப்பாதி நனைவோம் வா. கூட்டாளி எடுத்தான். "என்னடா?" "ஒண்ணுமில்ல, சும்மா." வெட்டினேன்.

"கேட்டீங்களா? இதை எனக்காகப் போட்டு வச்சிருக்கிறவன் என்னை விட்டுட்டுப் போவானா? விசா வந்து மாசக்கணக்குன்னீங்க. ஏன் இன்னும் போகல?"

வங்கிக்காரர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். நான் வெற்றியோடு மற்றவரைப் பார்த்தேன். பாமசிக்காரர் ஒரு மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு எடுத்தாலும் உந்தப் பாட்டுத்தானே போகுது?"

"எனக்கா?"

"ஓம். எவ்வளவு காலமாய். நீங்கள் ஆசைக்குப் போட்டு வைச்சிருக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"பேய்க்கதை கதைக்காதீங்க. என் போன் பெல் அடிக்கிற போன்."

அவர் வாதாடவில்லை. தன் போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, என் இலக்கத்தை அழுத்தினார். என் கையில் இருந்த போன் கிணுகிணு என்று அடித்தது. அவர் கையில் இருந்த போனில் அதே தாளம், அதே பெடியன், அதே குடை. நான் எடுக்காமல் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வங்கிக்காரர் சிரித்துச் சிரித்துச் சுவரிலிருந்து இறங்கிவிட்டார். "முதலாளி, உங்கட பாட்டு ஊர் முழுக்கக் கேட்குது, உங்களுக்கு மட்டும்தான் கேட்கேல்லை!"

அப்போதுதான் பல விஷயங்கள் வெளிச்சமாயின. புறக்கோட்டையில் எனக்குத் துணி தரும் முஸ்லிம் நானா, அவர் அடித்த போனை நான் எடுத்ததும் ஏன் எப்போதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதைக்கிறார் என்று. பெரிய மாடிவீடு கட்டுகிற இஞ்சினியர் ஒருவர் "அங்கிள் நல்ல ஜொலியான ஆள்" என்று ஏன் சொன்னார் என்று. என்னை ஜொலியான ஆள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் மரக்கறி நறுக்கிக்கொண்டே, "எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"வயசு போன காலத்துல ஒரு ஆசைக்குப் போட்டிருக்கீங்க, அதையும் கேட்டு வெட்கப்படுத்துவானேன்னு விட்டுட்டேன். எனக்காகப் போட்டதோன்னுகூட முதல்ல நினைச்சேன். அப்புறம் கூட்டாளின்னு வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுடுச்சு யாருக்குன்னு."

அது எப்படி என் போனுக்குள் புகுந்தது என்று யோசித்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. போனில் மனிதன் கதைத்தால் நானும் கதைப்பேன். மெஷின் கதைத்தால் ஒன்றாம் இலக்கத்தை அழுத்துவேன். சிங்களத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை மெஷினுக்குள் இருக்கும் பெண்பிள்ளை நீட்டி முழக்கும். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை. இரண்டை அழுத்தினால் கதை நீளும், ஒன்றை அழுத்தினால் சீக்கிரம் முடியும். இது நானே கண்டுபிடித்த வழி. பாட்டு வேண்டுமா என்று அது என்றைக்கோ கேட்டிருக்கிறது. நான் ஏணியின் மேல் நின்று, வாயில் ஊசியோடு, ஒன்றை அழுத்தியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்தபிறகு வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அவனுக்கு எடுக்கும்போது எனக்கு எது கேட்கிறதோ, அவன் எனக்கு எடுக்கும்போது அவனுக்கும் அதுதான் கேட்டிருக்கிறது. விசா வந்து மாசக்கணக்கு. மகள் அங்கே தினமும் கேட்டுக்கொண்டிருப்பாள். சூட்கேஸ் வாங்கியாயிற்று. அதை என்னிடம் சொல்ல அவன் எத்தனை தரம் போன் எடுத்தானோ? எடுத்ததும் அந்தப் பெடியன் பாடியிருப்பான். போன கிழமைகூட எடுத்து, "ஒரு விஷயம்..." என்று தொடங்கிவிட்டு, "இல்லை, என்ன சாப்பாடு உன்ரை வீட்டிலை?" என்று கேட்டான். கத்தரிக்காய் என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

அவன் போகாமல் இருப்பதற்குச் சாட்சி என்று நான் நினைத்த பாட்டு, அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதோ?

வேனைக் கடையில் விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குத் திறீவீலர் பிடித்தேன். மட்டக்குளி பஸ்ஸில் போனால் மருதானையில் நெரிசலில் மாட்ட வேண்டும். சாரதி ஒரு இளம் பெடியன். வண்டிக்குள் கலர் கலராக விளக்கு, காலுக்கடியில் பெரிய ஸ்பீக்கர். அந்தப் பாட்டு உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். பாட்டின் பெயர் எனக்குத் தெரியாது, முதல் வரியைப் பாடிக் காட்ட வேண்டியதாயிற்று. என் குரலைக் கேட்டு அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். மரியாதை தெரிந்தவன், சிரிக்கவில்லை. போட்டான்.

முதன்முறையாக முழுப்பாட்டையும் கேட்டேன். பாதிப்பாதி நனைவோம் வா என்று இரண்டு தரம் பாடிவிட்டு, நடுவில் கொஞ்சம் கிற்றார் வாசித்துவிட்டு, அதே பெடியன் கொஞ்சம் மெதுவாகப் பாடுகிறான்:

"தூரம் நீ போவதென்றால் கூட்டாளி,
குடையை நீ கொண்டு போ.
மழைவிட்டு வெயில் வந்தால் ஒரு நாளில்
மடித்தெடுத்துக் கொண்டு வா."

ஆமர் வீதி வரும்வரை அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். சாரதிக்கு அலுத்துப்போயிருக்கும்.

கூட்டாளியின் மாடிவீட்டு வாசலில் இருக்கும் காவல்காரர் சிங்களவர், என்னை நன்றாகத் தெரிந்தவர். "மாத்தயா உட இன்னவா" என்று மேலே கையைக் காட்டினார். ஐயா மேலேதான் இருக்கிறார் என்று. படியேறிப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. திரையில்லாத ஜன்னலால் வெயில் நேராக உள்ளே விழுந்து, நிலத்தில் திறந்து கிடந்த சூட்கேஸில் முடிந்தது. சூட்கேஸுக்குள் ஒன்றும் இல்லை. வாங்கிய கடையின் காகிதங்கூட அப்படியே இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். நான் சூட்கேஸைப் பார்த்தேன்.

"ஆர் சொன்னது?" என்றான்.

"பாமசிக்காரர். வெள்ளவத்தைக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. அது இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்ல வந்தேன். என் போன்ல ஒரு பாட்டுப் போகுதே, அது..."

"ஒண்டை அமத்தினாய்."



"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னை எனக்குத் தெரியாதே? மெஷின் கதைச்சால் ஒண்டை அமத்துற ஆளெல்லோ நீ. முதல்நாள் உனக்கு எடுக்கப் பாட்டுக் கேட்டது. நல்லாய்ச் சிரிச்சனான். உவன் என்னத்தையோ அமத்திப்போட்டான், தன்ரை போன் பாடுறது தனக்கே தெரியாமல் திரியிறான் எண்டு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னால் நீ கழட்டிப்போடுவாய்."

இதைச் சொல்லிவிட்டு அவன் எழும்பிப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னான்.

"போனிலை நட்சத்திரப் பட்டனை அமத்தினால் உதே பாட்டை நீங்களும் எடுக்கலாம் எண்டு அந்த மெஷின் பிள்ளை சொல்லிச்சு. நான் அமத்தினனான். நீ தெரியாமல் போட்டாய். நான் தெரிஞ்சு போட்டனான். வித்தியாசம் அவ்வளவுதான்."

நாங்கள் கதைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவன் எனக்குச் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். புறக்கோட்டையில் எவனையும் வாயால் மடக்குகிறவன் நான். கடைசியில், "தெரியாம போட்டாலும் நல்ல பாட்டாத்தானே போட்டேன்" என்றேன்.

"ஓமோம். பெரிய கெட்டித்தனம்."

பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து வைத்தான். சூட்கேஸின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குடித்தோம்.

"விசா வந்ததை ஏன் மறைச்சே?"

"மறைக்கேல்லையடா. சொல்லத்தான் எடுத்தனான். எத்தினை தரம்! எடுத்தவுடனை பாதிப்பாதி நனைவம் வா எண்டு உன்ரை போன் பாடுது. நீ தெரியாமல் அமத்தித்தான் பாடுது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அதைக் கேட்டுப்போட்டு, நான் என்ரை பாதியை மடிச்சுக்கொண்டு போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீயும் டக்கெண்டு எடுத்துப்போடுவாய். யோசிக்க நேரமில்லை. கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டுப்போட்டு வைக்கிறது."

"மகள் என்ன சொல்றா?"

"பேத்தி நடக்கத் தொடங்கிட்டாளாம். போனிலை காட்டினவள். என்னைப் பார்த்து அந்தக் கண்ணாடியிலை கையை வைச்சுத் தட்டுறாள்."

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்க இருக்கவில்லை. அவன் அங்கே போக வேண்டும். அவன் மனம் ஏற்கெனவே அங்கே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தடுத்துக்கொண்டு நிற்பது நான் கூட இல்லை. என் விரல் அழுத்திய ஒரு இலக்கம்.

"நான் கழட்டிடறேன்" என்றேன். "இப்பவே. பாமசிக்காரரக் கேட்டா எப்படின்னு சொல்லித் தருவார்."

"கழட்டினாய் எண்டால் நான் போகமாட்டன்."

"கழட்டாட்டியும் போகமாட்டேங்கிற. என்னதான் செய்யச் சொல்றே?"

"எனக்குத் தெரிஞ்சால் சூட்கேஸ் இப்பிடியே கிடக்கும்?"

அப்போது எனக்குத் திறீவீலரில் கேட்டது ஞாபகம் வந்தது.

"நீ அந்தப் பாட்டை முழுசாக் கேட்டியா?"

"எங்கை கேக்கிறது? நீதானே எடுத்துப்போடுவாய். ரெண்டு வரிக்கு மேலை எனக்குத் தெரியாது."

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும். உன் போனக் குடு."

அவன் போனிலிருந்து என் இலக்கத்தை அழுத்தி, அவன் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் போன் என் சட்டைப்பையில் கிணுகிணுத்தது. நான் எடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான். முதல் இரண்டு வரி போயிருக்கும். "இனி என்ன?" என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். "பொறு" என்று கையைக் காட்டினேன். கிற்றார் போயிருக்கும். பிறகு அவன் புருவம் இறங்கியது. வெயிலுக்கு என்பதுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மணி தானாக நிற்கும்வரை நான் விட்டேன்.

போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"உவங்கள் கெட்டிக்காரப் பெடியள்" என்றான்.

"பக்கத்துல இருக்கிறவனுக்கு இந்தப் பாட்டு வேணாம் மச்சான். தூரத்துல இருந்து எடுக்கிறவனுக்குத்தான் இது கேட்கும். போய்ட்டு அங்க இருந்து எடு."

"பெரிய தத்துவம்."

"நான் படிச்சிருந்தா எங்க இருந்திருப்பேன் தெரியுமா?"

"என்னை மாதிரிக் கிளாக்கராய் இருந்திருப்பாய். மூட்டையைத் தூக்கினபடியால்தான் முதலாளி ஆனனி." பிறகு சூட்கேஸைக் காலால் மெல்லத் தள்ளினான். "அங்கை மகளின்ரை வீட்டு ஜன்னல் பெரிசாம். விடிய வெளிச்சம் வந்து பேத்தியை எழுப்புதாம். ஒரு சீலை தைச்சுத் தாவன்."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் திரை. மகளிடம் அளவு கேட்டு எடுத்தேன். கடையில் உள்ள துணிகளில் வெளிச்சம் ஊசிமுனை அளவும் நுழையாத ஒன்றைத் தெரிந்து, தையல்காரர்களிடம் விடாமல் நானே இருந்து தைத்தேன். அங்கே கடற்காற்று இல்லை, பித்தளை வளையம் தேவையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பித்தளைதான் போட்டேன். சூட்கேஸில் முதலில் போன சாமான் அதுதான்.

அவனைக் கட்டுநாயக்காவுக்கு என் வேனில்தான் கொண்டுபோனேன். வழியில் என் சாரதி அந்தப் பாட்டைப் போட்டான், நான் ஏசவில்லை. உள்ளே போகும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னது, "ஏணியிலை ஏறாதை. பிடிக்க ஆள் இல்லை" என்பதுதான். நான் இப்போது ஏறுவதில்லை. ஏறுவதற்கு ஆட்கள் வைத்திருக்கிறேன். ஆனாலும் அதுதான் உண்மைக் காரணம் இல்லை.

அவன் இலங்கை போன் இப்போது நின்றுவிட்டது. அவன் பாட்டு இனி எனக்குக் கேட்காது. மகள் எல்லாரையும்போல இன்டர்நெட்டில் கதைக்கச் சொல்லுகிறாள். முகமும் தெரியும், செலவும் இல்லை. அதில்தான் பேத்தியைக் காட்டுவான், ஜன்னலில் என் திரையைக் காட்டுவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குத் தெரியாமல் ஒரு டெலிபோன் காட் வாங்கி, சாதாரண லைனில் என் இலக்கத்துக்கு எடுப்பான். அதில்தான் பாட்டு வரும்.

கடையில் நான் ஆட்களோடு கதைத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடிக்கும். நீளமான வெளிநாட்டு இலக்கம். நான் எடுப்பதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்குக் கேட்பது கிணுகிணுதான். அவனுக்கு என்ன கேட்கிறது என்று மனத்துக்குள் பாடிக்கொண்டு வருவேன். ஒரு குடை. பாதிப்பாதி. கிற்றார். தூரம் நீ போவதென்றால். கவுண்டரில் இருக்கும் பிள்ளை, "முதலாளி, போன் அடிக்குது" என்பாள். அடிக்கட்டும் என்பேன். மடித்தெடுத்துக் கொண்டு வா என்ற இடம் முடிந்தபிறகுதான் எடுப்பேன். ஒரு தரமும் நான் முந்தியதில்லை. தாளத்தில் நான் அவ்வளவு திறம்.

"என்னடா, எடுக்க இவ்வளவு நேரமே? போன் காட்டிலை காசு ஓடுது!"

"எடுத்தா நீ கேட்கமுடியாதே. அங்க மழையா மச்சான்?"

"பனியடா. முழங்கால் மட்டும்."

"அப்ப குடைய விரிச்சுக்க."

"பனிக்கு ஆரடா குடை பிடிக்கிறது, விசரா? சரி சரி, சொல்லு. என்ன சாப்பாடு உன்ரை வீட்டிலை?"